மேலே இருப்பவர்களின் கூட்டுறவுச் சங்கம்

1863 மே 30. பல்லாவரத்துச் சரளைக்குழி ஒன்றில் ஒரு வெள்ளைக்காரர் குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினார். பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட்; இந்திய நிலவியல் ஆய்வுத் துறை உத்தியோகஸ்தர். கைக்கு அடக்கமாக, இரு பக்கமும் சில்லு பெயர்த்து விளிம்பு கட்டிய கற்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி. சில மாதங்களில் அவர் அத்திரம்பாக்கத்துக்கும் போனார். இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே சாந்தி பப்புவின் குழு அகழ்ந்து 2011இல் வெளியிட்ட கணக்குப்படி, கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டு வரை போகிறது.

இவ்வளவு சீனியாரிட்டி இருந்தும் அந்த ஆள் ஒன்றும் தேறவில்லை பாருங்கள். ஏரிக்கரையில் ஒரு கிரவுண்டு வளைத்துப் போடவில்லை. பிள்ளைக்கு ஒரு பதவி வாங்கித் தரவில்லை. அத்தனை பாடுபட்டுக் கோடரியைச் செதுக்கினானே, அதில் 'உபயம்' என்று தன் பெயரையாவது போட்டானா? அதுவும் இல்லை. பல்லாவரத்தின் மூத்த குடிமகன் பிழைக்கத் தெரியாதவனாகவே செத்திருக்கிறான்.

அவன் வீட்டு வழக்கங்களைக் கல் சொல்லாது. ஆனால் அண்மைக்காலம் வரை வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த மக்களோடு போய்த் தங்கியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ரிச்சர்ட் லீ என்ற மானுடவியலாளர் கலஹாரிப் பாலைவனத்துக் குங் மக்களோடு இருந்தவர். கிறிஸ்துமஸ் விருந்துக்கென்று, அந்த வட்டாரத்திலேயே பெரியதும் கொழுத்ததுமான ஓர் எருதை அவர்களுக்காக வாங்கிக் கட்டிவிட்டுப் பெருமையோடு நின்றார். வந்தவர் போனவரெல்லாம் அந்த எருதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். இந்தக் கிழட்டு எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டா ஊருக்கு விருந்து என்று கேலி செய்தார்கள். மனிதர் நொந்தே போனார். அறுத்துப் பார்த்தால் உள்ளே கொழுப்பு ததும்புகிறது. பிறகுதான் விஷயத்தை விளக்கினார்கள். பெரிய வேட்டையோடு வருகிறவனுக்குத் தலைக்கனம் ஏறும். மற்றவர்களைத் தன் வேலைக்காரர்களாக நினைக்கத் தொடங்குவான். அது ஒருநாள் கொலையில் முடியும். அதனால் அவன் கொண்டுவந்த கறியை இளப்பமாகப் பேசி ஆளைத் தரையில் இறக்கிவிடுவது அவர்கள் வழக்கம். 1969இல் லீ இதைக் கட்டுரையாக எழுதினார்.

நம்மூரில் எருதெல்லாம் வேண்டாம். மழைவெள்ளத்தில் நிற்கிறவனுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்துப் பாருங்கள். பையின் முன்பக்கம் ஒரு முகம், பின்பக்கம் அந்த முகத்தின் மகனுடைய முகம், கொடுக்கிற கை ஒன்று, அந்தக் கையைத் தொட்டுக்கொண்டு போட்டோவுக்குள் நுழையப் பார்க்கும் கைகள் பதினேழு. வாங்குகிறவன் முழங்காலளவு தண்ணீரில் நின்று கும்பிட வேண்டும். கும்பிடு சரியாக விழவில்லை என்றால் இன்னொரு தடவை. கலஹாரியில் கொண்டுவந்தவன் தலை குனிகிறான். இங்கே வாங்குகிறவன் குனிகிறான். இதற்குப் பெயர் நாகரிக வளர்ச்சி.

ஆதி மனிதனைப் புனிதனாக்கவும் வேண்டாம். அவர்களிலும் அடாவடிக்காரன் உண்டு, பங்கில் கைவைக்கிறவன் உண்டு. கிறிஸ்டோபர் போம் என்ற ஆய்வாளர் 1999இல் ஒரு நூலில் சொன்ன கருத்து இந்த இடத்தில்தான் முக்கியம். வேட்டைச் சமூகங்களில் நிலவிய சமத்துவம் வெள்ளந்தித்தனத்தால் வந்ததில்லை. அதிகாரம் செய்ய நினைத்தவனை மற்றவர்கள் கூடி அடக்கினார்கள். முதலில் கேலி. அதற்கு மசியாவிட்டால் அவன் சொல்லைக் கேட்காமல் விடுவது. அதற்கும் அடங்காவிட்டால் ஓர் இரவில் அவனைத் தனியே விட்டுவிட்டுக் கூட்டம் கிளம்பிவிடும். முற்றிப்போனால் கொன்றும் இருக்கிறார்கள். எளியவர்கள் ஒன்றுகூடி வலியவனைத் தலையெடுக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். மனிதக் குலத்தின் ஆதிக் கூட்டுறவுச் சங்கம் அதுதான். அதன் முதல் தீர்மானமும் அதுதான்.

இதைப் பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 1960களில் பீட்டர் கார்ட்னர் நம் தென்மலைப் பளியர்களோடு தங்கி எழுதினார். அங்கே யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை; ஆணும் பெண்ணும் அதில் ஒன்றே; சச்சரவு முற்றினால் அடித்துக்கொள்வதைவிட விலகிப் போய்விடுவார்கள். நாம் அவர்களைப் 'பின்தங்கியவர்கள்' என்று பட்டியலில் எழுதிக்கொண்டோம். உத்தரவு போட ஆளில்லாத ஊர் முன்னேறிய ஊராக எப்படி இருக்க முடியும்?

சரி, நம் மாவட்டத்துக்கு வருவோம். மனிதனுக்கு இயல்பான ஒற்றுமை உணர்வு செங்கல்பட்டில் செத்துவிட்டது என்று யாராவது புலம்பினால் நம்பாதீர்கள். ஒற்றுமைக்கு இங்கே ஒரு குறையும் வந்ததில்லை. எந்தப் பக்கத்து ஒற்றுமை என்பதுதான் சேதி.

1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனி ஜாகீராகப் பெற்ற சீமைதான் பிற்பாடு செங்கல்பட்டு மாவட்டம் ஆனது. 1794 முதல் இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸும், திருக்குறளுக்காக நாம் கொண்டாடும் எல்லிஸ் துரையும் மாய்ந்து மாய்ந்து எழுதிய விஷயம் ஒன்று உண்டு: மிராசு. ஊர் நிலம் முழுக்கக் காணியாட்சிக்காரர்களின் பங்கு. பல ஊர்களில் அது சமுதாயமாக இருந்தது. அதாவது தனித்தனியாக வேலி போடாத கூட்டுச் சொத்து. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்குக்காரர்கள் உட்கார்ந்து நிலத்தை மாற்றிக்கொள்வார்கள். கரையீடு என்று பெயர். ஏரிப் பாய்ச்சலில் கிடக்கும் முதல்தர நன்செய் ஒருவனிடமே தங்கிவிடக் கூடாது. களர்மண் ஒருவன் தலையிலேயே விடியக் கூடாது. என்ன நியாயம், என்ன நிதானம்! கார்ல் மார்க்ஸ் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே மதுராந்தகம் பக்கம் பொதுவுடைமை கொடிகட்டிப் பறந்திருக்கிறது.

ஒரே ஒரு சில்லறை விவரம்தான் பாக்கி. அந்த நன்செய்யில் இறங்கி உழுதவன், சேற்றில் நின்று நாற்று நட்டவள், இரவில் கழனிக்குத் தண்ணீர் கட்டியவன், இவர்களுக்கு எந்தப் பங்கு? அவர்கள் பங்குக்காரர்கள் இல்லை, படியாட்கள். பங்கில் அவர்கள் இருந்தார்கள், பங்கு வாங்கும் இடத்தில் இல்லை. நிலத்தோடு சேர்த்தும், நிலம் இல்லாமல் தனியாகவும் விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். 1843இல் அடிமைமுறையை அரசு ஏற்காது என்று சட்டம் வந்தது. சட்டம் கல்கத்தாவில் வந்தது; செங்கல்பட்டுக்கு வருகிற வழியில் மாட்டுவண்டி அச்சு முறிந்துவிட்டது போலிருக்கிறது.

இதே சீமையின் பெருமை உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலை முறை. டில்லியில் ஜனநாயகத்தின் தாய் நாம் என்று மார்தட்டும்போதெல்லாம் இந்த ஊர்ப் பெயர்தான் மேடை ஏறுகிறது. கல்வெட்டில் உள்ளவை அபாரமான விதிகள்தான், மறுக்கவில்லை. கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது; அவன் உறவினரும் நிற்க முடியாது. இந்த ஒரு விதியை இன்று அமல்படுத்தினால் கோட்டையில் நாற்காலிகளைத் துடைக்கவும் ஆள் மிஞ்சாது. ஆனால் அந்தப் பானைக்குள் யார் பெயர் விழலாம் என்பதையும் அதே கல் சொல்கிறது. கால்வேலிக்கு மேல் இறை நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். பானை வனைந்த குயவன் பெயர் பானைக்குள் விழ முடியாது. ஓலை நறுக்கித் தந்தவன் பெயர் ஓலையில் ஏற முடியாது. அந்தணர் சபைக்குள் அந்தணருக்குள் அப்பழுக்கற்ற ஜனநாயகம். சமமானவர்களுக்குள்ளே சமத்துவம் காப்பதில் தொண்டை மண்டலத்தை மிஞ்ச ஆளில்லை.

குங் மக்களின் கூட்டுறவை நாம் எவ்வளவு அழகாகத் தலைகீழாக்கிவிட்டோம் என்பதைக் கவனியுங்கள். கூடுகிற திறமை அதேதான். பங்கு போடும் நுணுக்கமும், ஏமாற்றுகிறவனை விலக்கிவைக்கும் கட்டுப்பாடும் அப்படியே இருக்கின்றன. அங்கே கீழே இருந்தவர்கள் கூடி மேலே ஏறப் பார்த்தவனை இறக்கினார்கள். இங்கே மேலே இருப்பவர்கள் கூடி, கீழே இருப்பவன் எழுந்து நிற்காமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

மேலே இருப்பவர்களின் இந்தச் சங்கத்தின் செயல்பாட்டுக்குப் பதிவேடு வேண்டுமானால் 1891ஆம் ஆண்டு அறிக்கையைப் பிரியுங்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் இம்மாவட்டப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு எழுதியது. தரிசு கிடக்கும் நிலத்தை ஒரு படியாள் தனக்குக் கேட்டு மனு போட்டால் என்ன ஆகும்? முதல் உரிமை மிராசுதாருக்கு. அவர் அதுவரை திரும்பிப் பார்க்காத முள்ளுக்காடு, மனு விழுந்த மறுநாள் அவர் கண்ணுக்குக் கற்பகவனமாகத் தெரியும். சரி, நிலம் வேண்டாம், வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறேன் என்றால்? குடிசை நிற்கும் மனையும் மிராசுதாருடையது, பிய்த்துக்கொண்டு போ. எல்லாப் பங்குக்காரர்களும் ஒரே குரலில் பேசுவார்கள். அவர்களுக்குள் ஆயிரம் வரப்புச் சண்டை இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் பிளவே வராது.

அந்த அறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. அதன்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம்தான் பஞ்சமி நிலம்; ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பத்து ஆண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவர் அல்லாதாருக்கு விற்றால் செல்லாது என்பது நிபந்தனை. இன்று அந்த நிலம் எங்கே? ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சியும் மீட்போம் என்கிறது. எல்லாரும் மீட்கத் தயார், ஒருவர் கையிலும் நிலம் இல்லை என்றால் அதைப் பாம்பு பிடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் சென்டு இன்ன விலை என்று தெரிந்த எவருக்கும் அந்தப் பாம்பின் முகவரியும் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் சென்டுக்கு விலை ஏற ஏற, பழைய பதிவேடுகளுக்குக் கரையான் பசியும் ஏறியிருக்கிறது. நம்மூர்க் கரையான் சர்வே எண் பார்த்துத் தின்னும்.

1994இல் காரணை ஊர் மக்கள் அந்த நிலத்தைக் கேட்டார்கள். பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள், சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள். கேட்டது வெள்ளைக்காரன் நூறு வருஷத்துக்கு முன்னால் கொடுத்த நிலம். கேட்ட இடம் அந்த அறிக்கை பிறந்த மாவட்டம். எளியவர்கள் ஒன்றுகூடி வலியவனைத் தட்டிக் கேட்பது மனிதக் குலத்தின் ஆதி வழக்கம் என்கிறது மானுடவியல். நம் சட்டப் புத்தகத்தில் அதற்கு வேறு பெயர்: சட்டவிரோதக் கூட்டம். ரியல் எஸ்டேட் மாநாட்டுக்குக் கூடுகிறவர்கள் மேல் இந்தப் பிரிவு பாய்ந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

கூட்டுறவு என்ற சொல்லுக்கு இன்னும் மானம் மிச்சமிருக்கிறது என்றால் அது மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருக்கிறது. இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம். காலங்காலமாகப் பாம்பும் எலியும் பிடித்து, தோலுக்குப் பாம்பை விற்றுப் பிழைத்தவர்கள் இருளர்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோல் வியாபாரம் நின்றது. காட்டை அழித்தவன் எல்லாம் வெளியே நிற்க, காட்டைத் தெரிந்தவன் ஒரே இரவில் குற்றவாளியானான். 1978இல் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்களின் துணையோடு அவர்கள் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து மண்பானையில் வைத்து, வாரத்துக்கு ஒரு தடவையாக நான்கு தடவை விஷம் எடுத்துவிட்டு, அடையாளம் போட்டு, மறுபடியும் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்துக்குப் போகும் விஷத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு இந்த ஒரு சங்கத்திலிருந்து போவதாகச் சொல்வார்கள்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து 12 லட்சம் பேர் செத்தார்கள், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சாகாமல் தப்பியவர்களில் எத்தனை பேர் உடம்பில் இருளர் கை பட்டிருக்கும்! அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். இருளர் பிடித்த பாம்பு, பாம்பின் விஷம், விஷம் ஏறிய குதிரை, குதிரையின் ரத்தம். கடைசியில் அது ஊர்ப்பெரிய மனிதரின் நரம்பில் ஏறுகிறது. அந்த நேரத்தில் மட்டும் எவரும் தீட்டு என்று ஊசியைத் தட்டிவிட்டதாகச் செய்தி இல்லை. உயிர் பிழைத்து வீடு திரும்பிய பிறகுதான் தீட்டுக்கும் உயிர் வரும்.

அத்தனை பாம்பு பிடித்தும் இருளருக்குப் பிடிபடாத ஒரு ஜந்து உண்டு, சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கையொப்பத்தில் வர வேண்டும். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசே பட்டியலிட்ட ஆறில் ஒன்று இருளர். ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், நீ இருளன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்ற கேள்வி வரும். மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறியவரின் முத்திரைக்காக இந்த மண்ணின் ஆதிக்குடி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறது. அத்தாட்சி கேட்கிறவரின் தாத்தா எந்தச் சான்றிதழைக் காட்டி இந்த ஊருக்குள் வந்தார் என்று கேட்க அங்கே படிவம் கிடையாது.

2019 ஜூலையில் அன்றைய காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகளை அதிகாரிகள் மீட்டார்கள். இருளர்கள். அதில் குழந்தைகளும் உண்டு. ஒரு முதியவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழும் படம் நாடு முழுக்கப் பரவியது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்கு ஒரு குடும்பத்தின் ஆண்டுகளைப் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த மரம் வெட்டும் இடத்துக்குத் தினமும் லாரி வந்திருக்கும். எடை போட ஆள் வந்திருப்பான். கடைக்காரன் அரிசி கொடுத்திருப்பான். ஓட்டுக் கேட்கவும் யாரோ வந்திருப்பார்கள். ஒருவருக்கும் கண்ணில் படவில்லை. இத்தனை பேர் ஒத்துழைக்காமல் ஒரு மனிதனை அடிமையாக வைத்திருக்க முடியாது. மேலே இருப்பவர்களின் சங்கத்தில் சந்தா கட்டாத உறுப்பினர்கள்தான் அதிகம். நானும் நீங்களும் அந்தக் கணக்கில்தான் வருவோம்.

மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 11, 12 தேதிகளில் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த மாமல்லபுரத்தில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். இரண்டாம் நாள் காலை பிரதமர் கடற்கரையில் அரை மணி நேரம் குப்பை பொறுக்கினார். தேசம் சிலிர்த்தது. அதே மணலில் ஆயுள் முழுக்கப் பொறுக்கிப் பிழைக்கிறவர்களை அந்த வாரம் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே தேட வேண்டியிருந்தது. அரை மணி நேரம் பொறுக்கினால் தலைவர். ஐம்பது வருஷம் பொறுக்கினால் சந்தேக நபர்.

மனிதர்களை அளக்கும் இந்தக் கோலுக்கு 2023இல் ஒரு வளைவு வந்தது. சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ. 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அந்த ஊர் விஞ்ஞானிகள் தேடித் தவித்த மலைப்பாம்புகளைச் சதுப்புக்காட்டில் மோப்பம் பிடித்ததுபோல் பிடித்துக் காட்டியவர்கள். விருது நியாயம், தாமதம்தான் அநியாயம். ஆனால் நாம் இருவருக்குப் பதக்கம் போட்டுவிட்டு மீதிப் பேரின் மனைப் பட்டாவைக் கோப்பில் போட்டுவிடுவோம். ஒருவனை மேடையேற்றினால் மற்றவர்களை ஏணியிலிருந்து இறக்கலாம் என்பது சங்கத்தின் நுட்பமான விதிகளில் ஒன்று.

கடலோரத்திலும் பழைய பங்குமுறை இருக்கிறது. மீன்பாடு கிடைத்தால் செலவு போகப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பிரியும். ஊர்ப் பஞ்சாயத்து ஒருவன் மட்டும் கடலை வழித்துக்கொண்டு போகாமல் காவல் நிற்கும். மீன் குஞ்சோடு சேர்த்து வாரும் சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு 2000இல் தடை செய்தது. சின்னப் படகுக்காரர்கள் அந்தத் தடைக்காக இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். போம் சொன்னதன் உயிருள்ள மிச்சம் இது. அதற்காகத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். மீனைத் தலையில் சுமந்து விற்று வீட்டுக்கு உலை வைக்கும் பெண்ணுக்கு அந்தப் பஞ்சாயத்தில் உட்கார இடமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, கழிமுகத்தில் கையால் இறால் பிடித்த இருளரும் கரையோர தலித்துகளும் நிவாரணப் பட்டியலில் விடுபட்டார்கள் என்ற புகார் எழுந்தது. அலை சாதி பார்க்காமல் அடித்தது. பட்டியல் பார்த்துப் பார்த்து எழுதியது.

இனி பூஞ்சேரி. 2021 அக்டோபரில் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தன்னையும் தன் மக்களையும் விரட்டினார்கள் என்று பூஞ்சேரி நரிக்குறவப் பெண் ஒருவர் பேசிய காணொளி பரவியது. மிஞ்சினால் கடைசியில் தருகிறோம் என்று சொன்னார்கள் என்பது அவர் புகார். உடனே அறநிலையத் துறை அமைச்சர் வந்து அவரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். தீபாவளி அன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து பட்டாவும் சான்றிதழும் கொடுத்தார். வந்தது நல்லது. பட்டா அதைவிட நல்லது. என் கோபம் கைதட்டியவர்கள் மேல். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சோறு தின்றதை ஒரு மாநிலமே வரலாற்றுச் சாதனையாகப் பார்த்துக் கண் கலங்கியது என்றால், நாம் தினமும் எந்த லட்சணத்தில் உட்கார்ந்து தின்கிறோம் என்பதற்கு அதைவிட வாக்குமூலம் வேண்டுமா? கலஹாரியில் அந்தக் காட்சியைக் காட்டியிருந்தால், இந்த ஆளுக்கு மட்டும் ஏன் இத்தனை கேமரா என்று கேட்டிருப்பார்கள்.

அந்தப் பெண் கேட்டதும் அமைச்சரின் பக்கத்து இலை இல்லை. முதல் பந்தியில் எந்த மனிதருக்கும் கிடைக்கிற ஓர் இலை. நாம் அதை எவ்வளவு சாமர்த்தியமாக மாற்றிவிட்டோம் பாருங்கள்: உரிமையாகக் கேட்டதைப் பரிசாகக் கொடுத்தோம். பரிசு என்றால் கொடுத்தவர் பெரியவர். வாங்கியவர் நன்றி சொல்ல வேண்டும். அடுத்த தடவை வேண்டுமென்றால் மறுபடியும் காணொளி போட வேண்டும்.

மறு வருஷம் அதே பூஞ்சேரியில் நட்சத்திர விடுதியில் செஸ் ஒலிம்பியாட். 180க்கும் மேற்பட்ட நாடுகள். வேட்டி கட்டி, கை கூப்பி நிற்கும் ஒரு குதிரைதான் சின்னம். அதற்குப் பெயர் 'தம்பி'. ஊரெல்லாம் தம்பி சிலை. குதிரைக்கே தம்பி முறை கொடுத்த தாராள மனசுக்காரர்கள் நாம். விடுதிக்கு வெளியே பாசிமணி விற்றுக்கொண்டிருப்பவருக்கு என்ன முறை வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் கங்கை இறங்கும் பிளவுக்கு அருகே ஒரு பூனை நிற்கிறது. பின்னங்காலில் எழுந்து, முன்னங்கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே தவம் செய்யும் முனிவரைப் போலவே நிற்கிறது. அதன் காலடியில் எலிகள், சில கும்பிடுகின்றன. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு பல்லவச் சிற்பி அரசன் கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டே அதை வெட்டி வைத்தான். இந்த மாவட்டத்தின் முதல் அங்கதக்காரன் அவன்தான். நாமோ பூனைக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, எலிகளின் பக்தியை மெச்சிவிட்டு வருகிறோம்.

மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டு, கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மாளைக் கூப்பிட்டு அழைத்து, அந்த மணலிலேயே கல்யாணம் பேசி முடிக்கிறார்கள். சிறப்பு தரிசனம் கிடையாது, கட்டணச் சீட்டு கிடையாது, எவருடைய வருகைக்காகவும் தாலி காத்திருப்பதில்லை. ஒரு நாள் இரவுக்கு அந்தக் கடற்கரை பத்தாயிரம் வருஷம் முன்னேறிவிடுகிறது. மறுநாள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அவர்கள் கிளம்பியதும், நாம் பழையபடி பின்தங்கிவிடுகிறோம்.

ஆகவே சமத்துவத்துக்குப் பாடுபடும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். சமத்துவப் பொங்கல் வேண்டாம், சமபந்தி போஜனமும் வேண்டாம், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் பிடிப்பதையும் ஒரு வருஷம் நிறுத்தி வையுங்கள். 1892ஆம் ஆண்டு அரசாணையின் கீழ் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊர்வாரியாக எந்தெந்த சர்வே எண்ணில் எத்தனை ஏக்கர் பஞ்சமி நிலம், இன்று யார் பெயரில் பட்டா, யார் அனுபவத்தில் இருக்கிறது என்று ஒரு தாள் அச்சடியுங்கள். எல்லா ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். இருளர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் கும்பிட வருவதற்குள் திரும்பி வந்துவிடுங்கள். செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடத்திலும் முன்பணக் கணக்கைக் கேளுங்கள். இதில் எதற்கும் புது மனசு வேண்டாம். பழைய சட்டமே போதும்.

உங்களால் அவ்வளவு முடியாது என்றால் ஒன்று செய்யுங்கள். ஏழைகளோடு தரையில் வந்து உட்காராதீர்கள். முதலில் அவர்கள் நிலத்தைவிட்டு எழுந்திருங்கள்.